நான்கு பெட்டிகளில் ஒரு கல்யாணம்

மலாக்காவின் கஜா பெராங்கில் காலையில் குங்குமமும் பூத்தட்டுமாகக் கோயிலுக்குப் போகிற பெண்ணை நிறுத்தி, "பூசை ஆச்சா அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பெயரைக் கேட்டால் மீனாட்சி என்பதுபோல நம் பெயராகச் சொல்வார். அதற்கு மேல் தமிழ் வராது. இவர்களை மலாக்கா செட்டிகள் என்கிறார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் நம் பக்கத்திலிருந்து வந்த வியாபாரிகள் இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட வம்சம். சாமி நம்முடையது, உடுப்பு கைலி மாதிரிச் சாரோங், பேச்சு மலாய். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கை. எனக்கோ இதனால் மானம் போனது.

சுதந்திரம் வந்த வருஷம் கும்பகோணத்தை விட்டு இங்கே வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம், ஊர்வலம், பள்ளிக்கூட விழா எல்லாவற்றையும் படமெடுப்பார். நெகட்டிவை மட்டும் பிஸ்கட் தகரங்களில் கொட்டி வைப்பார். யாராவது பிரதி கேட்டால் அரை நாள் தேடல்தான். "எட்டாவது வரைக்கும் படிச்சவளாச்சே, பிரிச்சு வை" என்றார். நான் நான்கு பெட்டிகள் வைத்தேன்: தமிழர், மலாய்க்காரர், சீனர், வெள்ளைக்காரர். ஒவ்வொன்றாக வெட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உடுப்பைப் பார்த்துப் பிரித்தேன். நெகட்டிவில் வெள்ளைக்காரத் துரை என் வீட்டுக்காரரைவிடக் கறுப்பு. அந்த வேலையில் இருந்த ஒரே சுகம் அதுதான்.

இப்படித்தான் ஒரு செட்டி வீட்டுக் கல்யாணத்தைக் கூறு போட்டேன். தாலி கட்டும் படம் தமிழர் பெட்டிக்குப் போனது. சாரோங் கட்டிய பெண்கள் மலாய்ப் பெட்டிக்கு. கொண்டை நிறைய ஊசி செருகிய மணப்பெண் சீனர் பெட்டிக்கு. முகம் சரியாக விழாதவற்றை எரிப்பதற்காக ஒரு காகிதப் பையில் போட்டேன்.

சில நாளில் அந்த மணப்பெண்ணின் அம்மா மீனாட்சி கடைக்கு வந்தார். வீட்டுக்காரர் பண்டார் ஹிலிருக்குப் போயிருந்தார். நான் தமிழில் உபசரித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லாக்கி குவா சுடா தடா" என்றார். எனக்குக் கேட்டது, "சூடா தாடா." முதல் பேச்சிலேயே 'டா' போடுகிறாளே என்று பொருமிக்கொண்டு காப்பியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்தேன். அவர் அழுதார். சர்க்கரை போதவில்லையாக்கும் என்று இன்னொரு கரண்டி போட்டேன்.

அதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். இரண்டு வார்த்தை கேட்டதும் என் பக்கம் திரும்பினார். "அடிப் பாவி, புருஷன் இறந்துட்டார்னு சொல்றாங்க. நீ காப்பி ஆத்திக்கிட்டு இருக்கியா?"

மகள் கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் போய்விட்டாராம். கேமராவைக் கண்டாலே ஓடுகிற மனிதர். வீட்டில் ஒரு படம்கூட இல்லை. இந்தக் கல்யாணத்தில் தப்பித் தவறியாவது விழுந்திருக்கிறாரா என்று கேட்க மீனாட்சி வந்திருந்தார். பெட்டிகளைக் கவிழ்த்தோம். மூன்று பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து மாலை வரை தேடினோம். மாமா, மச்சான், சமையற்காரர் எல்லோரும் இருந்தார்கள். அவர் இல்லை.

கடைசியில் அந்தக் காகிதப் பையை எடுத்துவந்தேன். நான்காவது நெகட்டிவிலேயே மீனாட்சியின் கை நின்றுவிட்டது. பந்தலுக்குப் பின்னால் ஒருவர் பாதி திரும்பி, கன்னம் புடைக்கப் பலகாரம் தின்றுகொண்டிருந்தார். "இனி டியா," இவர்தான், என்றார். பிறகு அழுகையும் சிரிப்புமாக, "மக்கான் லாகி!" என்றார். இங்கேயும் தீனிதானா என்று அர்த்தம். மறுநாள் அந்தப் பையை அடுப்பில் போடுவதாக இருந்தேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. போதுமாக இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றே பெட்டிகளைக் கலைத்தேன். ஒரு வீட்டு விசேஷத்துக்கு ஓர் உறை, மேலே வீட்டின் பெயரும் தேதியும். யார் என்ன உடுத்தியிருந்தாலும் ஒரே உறை.

படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தபோது மீனாட்சி அக்கா எனக்கு ஒரு சாரோங் கொடுத்தார். கட்டிப் பார்த்தேன். இந்த ஊர்ப் புழுக்கத்துக்குப் புடவை ஒரு தண்டனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊரிலிருந்து அம்மா படம் கேட்டு எழுதியபோது, இடுப்புக்கு மேலே பட்டுப்புடவையைச் சுற்றி, கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு நின்றேன். கீழே சாரோங். வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இடுப்பு வரைக்கும் எடுத்து அனுப்பினார்.

"நீ கொஞ்சங்கூட மாறலை" என்று பதில் வந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு, கடிதத்தை மடித்துச் சாரோங் இடுப்பில் செருகிக்கொண்டேன்.