பவர் கூட்டிய பேட்டரி

எங்கள் ஊரில் எல்லாக் குறைக்கும் ஒரே வைத்தியம், பவரைக் கூட்டுவது. தலைவலி நிற்கவில்லையென்றால் மெடிக்கலில் போய், "இதவிடப் பவர் கூடுனதாக் குடுங்க" என்போம். கண்ணாடிக்கும் பவர், கிணற்று மோட்டாருக்கும் பவர். அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் துப்பாக்கி ஒன்றைத் தின்றது.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். திண்டுக்கல்லுக்கு வெளியே, நிலக்கோட்டை போகிற வழியில் ஒரு தரிசில் நானும் என் கணவரும் விளையாட்டுத் திடல் நடத்துகிறோம். பேட்டரியில் ஓடி, பிளாஸ்டிக் குண்டு சுடுகிற ஏர்சாஃப்ட் துப்பாக்கிகள். கல்லூரிப் பிள்ளைகள் முகக்கவசம் மாட்டிக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து சுட்டுக்கொள்வார்கள். இவர் நடுவராக அவர்கள் கூடவே ஓடுவார். ரிப்பேர் என்னுடையது. ஸ்க்ரூடிரைவர் அவர் கைக்குப் போனால் கடைசியில் இரண்டு ஸ்க்ரூ மிஞ்சும்.

போன கோடையில் எல்லாத் துப்பாக்கிக்கும் பெரிய பேட்டரியாக வாங்கி மாட்டினார். விசையைத் தொட்டதும் குண்டு சடசடவென்று கொட்டியது.

"பாத்தியா, இனிமே குண்டு அம்புட்டுத் தூரம் போகும்."

"தூரம் போறது ஸ்பிரிங்காலதாங்க. பேட்டரி கூடுனா மோட்டார்தான் வேகமாச் சுத்தும்."

"நீ எல்லாத்துக்கும் ஒரு நொட்டை சொல்லு."

அவரிடம் பேசுவதற்குப் பதில் மோட்டாரிடமே பேசியிருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய வலது முட்டி வீங்க ஆரம்பித்தது. ஓடக் கூடாது, ஓய்வு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ மெடிக்கலுக்குப் போய்ப் பவர் கூடின வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். அதற்கு வலி கேட்காமல் போனதும் அதைவிடப் பெரிய மாத்திரை. சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன். ஒரே பதில்தான்: "இப்ப வலியே இல்ல புள்ள." அந்தப் பதில்தான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனுசன் ஒருநாள் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால்?

ஒரு சனிக்கிழமை, நல்ல துப்பாக்கி ஒன்று கரகரவென்று இழுத்துவிட்டு நின்றுபோனது. பேப்பரை விரித்து அதைப் பிரித்துப் போட்டேன். காற்றைத் தள்ளிக் குண்டை விடுகிற பிஸ்டனின் பற்கள் மழுங்கி, கிரீஸெல்லாம் பிளாஸ்டிக் தூள். அவரைக் கூப்பிட்டேன். நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான சுட்டுச்சு?"

"சுட்டுச்சு. பிஸ்டன் முன்னால போயி நிக்கிறதுக்குள்ள அடுத்த சுத்துல கியர் பல்லு வந்து இழுத்துருது. அதுக்கு மூச்சு விட நேரமே இல்ல. வெளிய கேக்குற சத்தம் நல்லாத்தான் இருக்கும். உள்ள தேஞ்சுக்கிட்டே இருந்திருக்கு."

பிஸ்டனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழுங்கிய பற்களைக் கட்டைவிரலால் தடவினார்.

"சரி விடு. மாத்துறதுக்குப் புதுசு இருக்குல்ல?"

"அதுக்கு இருக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

மறுநாள் ஆட்டத்தைப் பழைய பேட்டரியோடு நான்தான் நடத்தினேன். அவர் மாத்திரை போடவில்லை. வலி தாங்காமல், "கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு, இந்தப் பக்கம் நில்லு" என்று நாற்காலியிலிருந்தே என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்கு வலிக்கிறது என்று எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.