பின்னால் போன பந்து

எங்கள் கெர்வான் துறைமுகத்தில் ரொனான் கெர்மரெக்கை அந்தப் பெயரால் கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவர் மனைவி மரிவோன். இன்னொருவர் தபால்காரர், அதுவும் பதிவுத் தபால் வந்தால் மட்டும். மற்ற எல்லோருக்கும் அவர் ‘ரிவர்ஸ் கியர்’தான். பதினாறு வருஷம் தொழில்முறைக் கால்பந்து ஆடிவிட்டு நகராட்சி பஸ் ஓட்டப் போனாரா, பெயர் இன்னும் பொருத்தமாக ஒட்டிக்கொண்டது. பஸ்ஸிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. பெயருக்கு மட்டும் ஓய்வில்லை.

காலையில் ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரர் ஆரம்பிப்பார்.

“வாங்க ரிவர்ஸ் கியர்! வந்தபடியே பின்பக்கமா நடந்து வீட்டுக்குப் போயிடுவீங்கல்ல?”

“போயிடுவேன். நீ ரொட்டியைக் கருக்காம சுடக் கத்துக்கோ, நான் திரும்பி நடக்கக் கத்துக்கறேன்.”

இதற்கெல்லாம் அவர் வருத்தப்பட்டதில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வேகம் கிடையாது, தலையால் முட்டத் தெரியாது, முந்நூற்றுத் தொண்ணூற்றாறு ஆட்டத்தில் ஐந்தே கோல். ஆனால் நடுக்களத்தில் பந்து அவரிடம் வந்துவிட்டால் எதிரணி அதை மறந்துவிடலாம். வாங்குவார், திரும்புவார், கொடுப்பார். அவ்வளவுதான் அவர் வித்தை. கொடுத்த பந்து வாங்குகிறவன் காலடியில் நாய்க்குட்டி மாதிரி போய் நிற்கும். தெற்கே ஒரு பெரிய கிளப் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கூப்பிட்டது. “அங்க கடல் இருக்கு, அலை கிடையாதாமே” என்று சொல்லிப் போக மறுத்துவிட்டார். உண்மையில் மரிவோனை விட்டுப் போக மனசில்லை. கோரென்டனை விட்டும்தான்.

கோரென்டன் எங்கள் கிளப்பின் கோல்கீப்பர். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது கடைசிப் பத்து நிமிஷம் இவர்கள் இருவரின் ராஜ்ஜியம். ரொனான் பந்தைப் பின்னால் தள்ளுவார். கோரென்டன் கையில் எடுத்து, நிதானமாக இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி ரொனானிடம் உருட்டிவிடுவார். ரொனான் மறுபடி பின்னால். எதிரணி ரசிகர்கள் விசிலடித்துத் தொண்டை வறண்டு போவார்கள். நம் ஆட்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். ஒரு மழைநாளில் பத்தொன்பது வரை எண்ணினோம். அழகான ஆட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு அது அழகுதான்.

தொண்ணூற்றிரண்டு கோடையில் அந்த ராஜ்ஜியத்துக்குத் தடை வந்தது. தன் அணிக்காரன் காலால் தள்ளும் பந்தை கோல்கீப்பர் இனிக் கையால் தொடக்கூடாது, உதைக்கத்தான் வேண்டும். ஜூலை முழுக்கப் பயிற்சியாளர் “கை இல்லை! கால்! கால்!” என்று கத்திக்கொண்டே இருந்தார். என்ன கத்தி என்ன? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

பருவத்தின் முதல் ஆட்டம், எண்பத்தெட்டாவது நிமிஷம், இருபக்கமும் கோல் இல்லை. ரொனானிடம் பந்து. பின்னாலிருந்து “ரொனான்! எனக்கு!” என்று குரல். தள்ளினார். புல்லை ஒட்டி, சரியான வேகத்தில், அவர் வாழ்க்கையில் கொடுத்த ஆயிரம் பந்துகளைப் போல ஒன்று. உதைக்க கோரென்டனுக்கு நேரம் ஏராளமாக இருந்தது. ஆனால் கால் நின்றது, கை போனது. பந்தை மார்போடு அணைத்த பிறகுதான் அவர் முகம் மாறியது. நடுவர் விசில் ஊதினார். கோல் வாசலுக்கு ஆறு கஜம் முன்னால் எதிரணிக்கு உதை. நம் பதினோரு பேரும் கோட்டில் சுவராக நின்றும் பந்து உள்ளே போனது. அந்த வருஷம் ஒரே ஒரு புள்ளி குறைந்து மூன்றாம் பிரிவுக்கு இறங்கினோம்.

ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் உடைமாற்றும் அறைக்கு வந்தான். கோரென்டன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிகிறது. கைக்குழந்தைகள் இரண்டு. ரொனானுக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

“தப்பு என்னோடது. பந்தை மோசமாத் தள்ளிட்டேன். துள்ளி வந்துச்சு, அவன் கையால எடுக்காம என்ன பண்ணுவான்?” என்றார் ரொனான்.

மறுநாள் அப்படியே அச்சில் வந்தது. அன்றைக்கே ‘ரிவர்ஸ் கியர்’ பிறந்தது. சமைத்தவள் தானே உப்பில்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. நிஜம் தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவர், மரிவோன், கோரென்டன்.

கோரென்டனுக்குக் கிழக்கே ஒரு கிளப்பில் இடம் கிடைத்தது. ஐந்து வருஷம் ஆடிவிட்டு ஊர் திரும்பி, அப்பாவின் சிப்பிப் பண்ணையை எடுத்துக்கொண்டார். ரொனானிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் தெரு மாறினார். கொட்டுகிற மழையில் பஸ் நிறுத்தத்தில் நிற்பார். ஓட்டுவது ரொனான் என்று தெரிந்தால் கையசைத்து அனுப்பிவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடப்பார். ஊர் வைத்த பெயர் ரொனானுக்கு வலிக்கவில்லை. அந்த மழை வலித்தது.

“நான் என்ன பண்ணிட்டேன் அவனுக்கு?” என்று மரிவோனிடம் கேட்பார்.

“நல்லது பண்ணிட்ட. அதான் அவனால தாங்க முடியல” என்பாள்.

இப்படியே முப்பத்தொரு வருஷம் போயிற்று. ரொனானுக்கு அறுபத்திரண்டு வயது. ஞாயிறு காலைகளில் ஐம்பது தாண்டியவர்களின் அணியில் ஆடுகிறார். மைதான எல்லையோரம் மரிவோனின் கடை. கறுப்பு மாவில் தோசை மாதிரி சுட்ட கலெத்தில் சூடான சாஸேஜைச் சுருட்டிக் கொடுப்பாள். ஆட்டத்தைவிட அதற்குத்தான் கூட்டம். போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அணியின் கீப்பரான பல் வைத்தியர் படகு இன்ஜினைத் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மரிவோன் யாரிடமும் சொல்லாமல் நேரே சிப்பிப் பண்ணைக்குப் போனாள்.

“கோரென்டன், நாளைக்கு எங்களுக்குக் கீப்பர் இல்ல.”

“வேற ஆளப் பாரு.”

“இருபத்தஞ்சு வருஷமா உன்கிட்டதான் சிப்பி வாங்கறேன். ஒரு நாளாவது உன்ன ஒரு கேள்வி கேட்டிருக்கேனா? இப்பக் கேக்கறேன். பத்து மணிக்கு வருவியா, மாட்டியா?”

கோரென்டன் அவள் கூடையை வாங்கினார். கூடையில் ஒரு டஜன் சிப்பி கூடுதலாகப் போட்டார்.

மறுநாள் பத்து மணிக்குப் பழைய கையுறையோடு கோரென்டன் மைதானத்துக்குள் நடந்து வந்ததைப் பார்த்து ரொனான் பாதி கட்டிய ஷூ லேஸோடு எழுந்து நின்றார். கோரென்டன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு கோல் வாசலுக்குப் போய்விட்டார். ரொனான் நல்லபடியாக ஆடினாரா என்று கேட்காதீர்கள். கண் முழுக்கப் பின்னாலேயே இருந்தது. இவன் இன்றைக்கும் பேசாமலே போய்விட்டால் இந்த ஜென்மத்தில் இனிமேல் இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

கடைசி நிமிஷங்கள். இருபக்கமும் இரண்டு கோல். பந்து ரொனானிடம் வந்தது. எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மீனவர் ஓடி வந்தார். அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல்.

“ரொனான்! எனக்கு!”

தள்ளினார். யோசிக்கவே இல்லை. பந்து புல்லை ஒட்டி உருண்டது. கோரென்டனுக்கு இன்றைக்கும் நேரம் ஏராளம். பந்து காலடிக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நிதானமாகக் குனிந்து இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

விசில். எல்லையோரம் வெடித்துச் சிரித்தது. “ரிவர்ஸ் கியர்! ரிவர்ஸ் கியர்!” என்று ரொட்டிக்கடைக்காரர் கத்தினார்.

“சிரிக்காதீங்கடா!” கோரென்டன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். “பாத்தீங்கல்ல எல்லாரும்? பந்து துள்ளுச்சா? நல்ல பாஸ். அன்னிக்கும் இதே பாஸ்தான். நான்தான் கூப்பிட்டேன், என் கைதான் போச்சு. இவன் எனக்காகப் பொய் சொன்னான். நான் வாய மூடிட்டு இருந்தேன்.”

ரொட்டிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார், ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது. நடுவர் மட்டும் ஆறு கஜம் அளந்துகொண்டிருந்தார், சட்டம் சட்டம்தானே. ஒருவர் தட்டிவிட, மீனவர் உதைத்தார். கோல். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம்.

ரொனான் கோல் வாசலுக்கு நடந்து போனார்.

“மடையா, பேசணும்னா வந்து பேசறதுக்கென்ன? ஆட்டத்தயே குடுத்துட்டியே!”

“வாயால சொன்னா எவன்டா நம்புவான்? கண்ணால பாக்கணும்ல?”

கடைக்கு வந்தார்கள். மரிவோன் இரண்டு கலெத் சுருட்டி நீட்டினாள், இரண்டிலும் சாஸேஜ் இரண்டிரண்டு. ரொனான் ஒரு கடி கடித்துவிட்டு, மெல்லாமலே நின்றார்.

“கோரென்டன், அத இன்னொரு தடவ சொல்லு.”

“எத?”

“பாஸ் எப்படி இருந்துச்சுன்னு சொன்னியே, அத.”

“நல்ல பாஸ்டா.”

“அன்னிக்குமா?”

“அன்னிக்கும்தான்.”

ரொனான் அதற்குப் பிறகுதான் மென்றார்.