பெருக்குக்கு விட்டுவைத்த இரண்டு பலகை

காலையில் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி. அணையில் தண்ணீர் திறக்கிறார்கள், ஆற்றோரம் இருப்பவர்கள் கவனமாக இருக்கவும். நான் இந்த மராட்டிய நகரத்தின் வாகட் பகுதியில், மகன் வீட்டில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். எனக்கென்ன கவனம்? ஆனாலும் கை தானாகப் போய் அரிசி டப்பாவைத் தூக்கி மேடைமேல் வைத்தது. இதே நகரத்துப் போபோடியில், தண்ணீர் ஏறும் சந்தில் வளர்ந்த கை, லேசில் திருந்தாது.

போபோடியில் எங்கள் சந்துக்கு மேலே ஒரு சின்ன ஏரி, அதற்கொரு சின்ன அணை. சொன்னால் சிரிப்பீர்கள், அதற்குக் கதவு கிடையாது. இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய மரப்பலகைகள்தான். மழைக்காலத்தில் மேலே இரண்டை உருவி வைப்பார்கள்; அடுத்த மழைக்கு ஏரியில் இடம் வேண்டுமே. மழை ஓய்ந்ததும் திரும்பச் செருகி, கோடைக்குத் தேக்குவார்கள். வெளியேறும் தண்ணீர் எங்கள் வாசலை ஒட்டிய நாலா ஓடையில் ஓடும். உருவுவதும் செருகுவதும் ஒரு மராட்டியர். எங்களுக்கு அவர் காகா, அவர்கள் பேச்சில் சித்தப்பா.

சந்தில் பாதிப்பேர் வேலூர்ப் பக்கமிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஏரிக்கரையில்தான் படையல். பலகை உருவிய ஏரியோ சத்தமில்லாமல் கிடக்கும். வழியாத தண்ணீர் என்ன பெருக்கு என்பாள் அம்மா. அதனால் வருஷா வருஷம் ஒரு தூக்குப் புளிச்சோற்றோடு காகாவிடம் போய், பண்டிகை முடியும்வரை அந்த இரண்டு பலகையும் உருவாமல் இருக்கட்டும் என்று கேட்பாள். காகா வானத்தைப் பார்ப்பார், தூக்கைப் பார்ப்பார், சரி என்பார். அம்மாவின் புளிச்சோறு அப்படி.

ஒரு வருஷம் படையல் முடிந்து சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மழை பிடித்தது. ஏரி மளமளவென்று ஏறியது. காகா ஓடிவந்து, இனி வைத்திருந்தால் கரையே உடையும், வீட்டுக்கு ஓடுங்கள் என்றார். இரண்டு பலகையில் முடிந்திருக்க வேண்டியது, அன்றைக்கு எல்லாப் பலகையையும் அவர் ஒரேயடியாக உருவ வேண்டியதாயிற்று. நாங்கள் போய்ச் சேருவதற்குள் வீட்டில் முழங்கால் தண்ணீர். மழைக்காலத்தில் பரணுக்கு ஏறிவிடும் அரிசி மூட்டை, பண்டிகை அவசரத்தில் தரையிலேயே கிடந்து ஊறியது.

சந்து ஆண்கள் கொதித்தார்கள். காகாமேல் மேலதிகாரியிடம் புகார் கொடுப்பது என்று கிளம்பியும் விட்டார்கள். போயிருந்தால் அவர் வேலை போயிருக்கும். அம்மா வாசலில் நின்று புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"அவர இன்னாத்துக்கு நோவறீங்க? நாமதான கூப்ட்டோம். அது வந்துச்சி."

யாரும் போகவில்லை. அந்த மாதம் முழுக்க எங்களுக்குத் தோசைதான். ஊறின அரிசியைக் காயவைத்து அரைக்காமல் வேறென்ன செய்வது? எத்தனை கழுவியும் சேற்று வாடை போகவில்லை. காகாவுக்கும் அதில் பங்கு போயிற்று, பாவம். அடுத்த ஆடியிலும் அம்மா தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். பலகையைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது அங்கே இரும்புக் கதவு. எங்கிருந்தோ ஏற்றி இறக்குகிறார்கள், யாரென்று தெரியாது. ஏரியைச் சுற்றி வேலி. சந்தில் தமிழ் பேசும் வீடு ஒன்றோ இரண்டோ. காகா இல்லை, அம்மாவும் இல்லை. நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்றைக்கும் ஆடிப் பதினெட்டு. வெளியே கொட்டுகிறது. படையலுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் பிடிக்கலாமென்று குழாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. குடியிருப்புக்காரர்கள் தண்ணீர் டேங்கருக்குக் காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். இன்னும் வரவில்லை.