மீன் தொட்டிக்கு விளக்கு

தஞ்சாவூர் வளர்ப்பு மீன் கடையில் அன்று நான் இருந்தேன், என் மனைவி இருந்தாள், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மகள் இருந்தாள், கடைக்காரர் இருந்தார்.

நான் வயலுக்குப் போனால் தன் அம்மாவுக்குத் துணையில்லை என்று மகள் கடல்மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தாள்.

“வயல்ல உப்புத்தண்ணி ஏறினா அழுவுறோம். இங்க காசு குடுத்து உப்பு கலக்கணுமா?” என்றேன்.

“நீங்க சும்மா இருங்க” என்றாள் மனைவி.

விளக்குகளில் பெரியதைக் காட்டினேன். பயிருக்கு வெயில் வேண்டுமே.

“அது பவளம் வளர்க்கிறவங்களுக்குங்க. வெறும் மீனுக்கு இந்தச் சின்ன எல்.இ.டி. போதும். காலையில போட்டா சாயங்காலம் அணைச்சிடுங்க. இல்லேன்னா பாசி புடிச்சிடும்” என்றார் கடைக்காரர். சின்னதையே வாங்கினோம்.

மகள் சிங்கப்பூர் திரும்பினாள். சாயங்காலம் நான் சுவிட்சில் கை வைத்தால் மனைவி தடுப்பாள்.

“விளக்கு வைக்கிற நேரத்துல எரியுற விளக்கை அணைக்கிறதா? புள்ள வெளிநாட்டுல இருக்கு.”

தூங்கப் போகும்வரை எரிந்தது. கொஞ்ச நாளில் கண்ணாடி முழுக்கப் பச்சை. மீன் தெரியவில்லை. செத்துப்போச்சோ என்று கேட்கவும் பயந்து அவள் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மகளுக்குப் போன் போட்டேன். சிரித்தாள்.

“அம்மா மனசு கஷ்டப்பட வேணாம்ப்பா. காலையில போடாதீங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குப் போட்டு, ராத்திரி பத்துக்கு அணைங்க.”

பாசியைச் சுரண்டினேன். மீன்கள் உயிரோடு கண்ணாடியோரம் வந்தன. மனைவி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

ஒன்பது மணிக்கே தூங்குகிறவள் இப்போது அணைக்கும்வரை அங்கேயே இருக்கிறாள். அணைப்பதும் அவள்தான். விளக்கு தினம் எட்டு மணி நேரம்.