மூக்குக்காரி

எனக்கு மணம் தெரியாது.

ரோசா தெரியாது, வெங்காயம் தெரியாது, அடுப்பில் கருகும் பால் தெரியாது. உங்கள் கட்டில் தலைமாட்டில் வைத்து, தூங்கும் முன் ஒருதரம் முகர்ந்து, "நஸ்ரினாட கை தங்கக் கை" என்று சொல்கிறீர்களே, அந்தச் சின்னப் போத்தல்... அதில் என்ன மணக்கிறது என்று அதைச் செய்த எனக்கு இன்றுவரை தெரியாது!

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போத்தலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிலிமத்தலாவையிலிருந்து கண்டி டவுன்வரை கடை கடையாக ஏறி இறங்கினாலும் அப்படி ஒன்று உங்களுக்குக் கிடைக்காது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவள் பெருமையடிக்கிறாளே என்று தோன்றுகிறதா? என்ன செய்ய... என் பெருமையைச் சொல்லாமல் என் குற்றத்தைச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கதிரையில் உட்கார்ந்திருக்கின்றன.

சின்ன வயதிலேயே வீட்டில் எனக்கு வைத்த பேர் மூக்குக்காரி. வாப்பா கடையால் வந்து செருப்பைக் கழற்றும்போதே அன்றைக்கு எந்த மூட்டையைப் பிரித்தார் என்று சொல்லிவிடுவேன். மிளகா, கராம்பா, சாதிக்காயா... ஒருநாளும் பிழைத்ததில்லை. பக்கத்து வீட்டுப் புரியாணிக்கு ரம்பை இலை போட்டார்களா இல்லையா என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றே சொல்வேன். உம்மா வெட்கப்பட்டு என் வாயைப் பொத்துவார்.

கல்யாணம் முடித்த பிறகு அந்த மூக்குக்கு ஒரு வேலை கொடுத்தேன். கம்பளைப் பக்கம் தைலம் வடிக்கும் ஒருவரிடம் கறுவாப்பட்டை மரத்து இலைத் தைலம், எலுமிச்சைப்புல் தைலம், தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோலில் எடுத்த தைலம் எல்லாம் வாங்கி, சொட்டுச் சொட்டாகக் கலந்து, உறவுக்கும் சிநேகத்துக்கும் பரிசாகக் கொடுக்கத் தொடங்கினேன். பிள்ளை பெற்றவளுக்கு மெழுகுதிரி. கால் உளைச்சல்காரருக்குப் பூசு தைலம். அலுமாரியில் துணிகளுக்கு நடுவே வைக்கச் சின்னச் சின்னத் துணிப் பொட்டலம். நாளெல்லாம் பிள்ளைகளோடு கத்துகிற ஒரு டீச்சருக்கு எலுமிச்சைப்புல்லோடு ஒரே ஒரு சொட்டு ஏலம். ஆளைப் பார்த்துத்தான் கலப்பேன். கேக் கொண்டுபோன காலம் போய், "நஸ்ரினாட போத்தல் ஒண்டு கொண்டு போவம்" என்கிற காலம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை!

பிறகு அந்தக் காய்ச்சல்... ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்ததே, அந்தக் காலத்தில் எல்லோருக்கும் வந்ததுதான் எனக்கும் வந்தது. எல்லோருக்கும் மணமும் ருசியும் போயின. எல்லோருக்கும் திரும்பி வந்தன. எனக்கு ருசி பாதி வந்தது. மணம் வரவேயில்லை.

ஒரு காலையில் பால் பொங்கிக் கருகி வீடு முழுக்கப் புகை. நான் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன்! ஓடிவந்த என் கணவர், "ஒனக்கு மணக்கல்லயா?" என்று கேட்டார். "ஒரு யோசனையில ஈந்த" என்றேன். அதுதான் முதல் பொய். அவருக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? நீங்களே சொல்லுங்கள்... ஊர் உங்களை ஒரேயொரு விஷயத்துக்காகத்தான் தெரிந்து வைத்திருக்கிறது என்றால், அது போய்விட்டது என்று வாயைத் திறந்து சொல்வீர்களா?

நான் சொல்லவில்லை. கலப்பதையும் நிறுத்தவில்லை. எந்தத் தைலம் எதனோடு சேரும், எது எதை விழுங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். கை தன்பாட்டில் சொட்டுப் போடும். சரியா பிழையா என்று பார்க்க ஒரு வழியும் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் மூக்குக்கு நேரே போத்தலை நீட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். கண் தானாக மூடினால் கலவை சரி. புருவம் ஏறினால் கராம்பு கூடிவிட்டது. "ஆ, நல்லம்" என்று வாய் சொல்லி, தலை ஓர் அங்குலம் பின்னால் போனால்... அந்தக் கலவையை அப்படியே ஊற்றிவிடுவேன். வாய் மரியாதைக்குப் பேசும், முகம் அப்படிப் பேசாது.

இதையும் கேளுங்கள். மூக்கு போன பிறகுதான் என் போத்தல்கள் இன்னும் நன்றாக வந்தன! அதற்கு முன் என் மூக்குக்குப் பிடித்ததைக் கலந்து உங்கள் தலையில் கட்டினேன். பிறகு உங்கள் முகத்துக்குப் பிடித்ததைக் கலந்தேன். மூக்கில்லாத ஒருத்தி கண்ணால் பார்த்து மணம் செய்தாள் என்றால் அது சின்ன விஷயமா? யாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொள்ள முடியாத பெருமை அது. உள்ளே வைத்து வைத்து எனக்கு நெஞ்சே வீங்கிப்போனது.

இனி செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வந்தேன், சுற்றிச் சுற்றிப் போகிறேன்...

செல்வி நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி எங்கள் தெருக்கோடியில் வாடகைக்கு இருந்தாள். போத்தல் கழுவ, ரிப்பன் கட்ட, பெட்டியில் அடுக்க என்று காலையில் என் வீட்டுக்கு வருவாள். வாய் ஓயாது. தெருவில் யார் யாரோடு கோபம், யார் வீட்டில் யார் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், எல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் தைல வாடை மட்டும் அவளுக்கு ஆகாது. "மண்ட இடிக்குதுக்கா" என்று சால்வையை மூக்கோடு சுற்றிக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள். மணத்தை அறிய முடியாத ஒருத்தியும் மணத்தைத் தாங்க முடியாத ஒருத்தியும் சேர்ந்து ஊருக்கு மணம் செய்தோம்!

என் கூடப்பிறந்த நானாவின் மகள் ரிஸ்னாவுக்குக் கல்யாணம் வந்தது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு மணப்போத்தல் நான்தான் செய்து தர வேண்டும் என்று நானாவின் மனைவி, என் மதினி, சொல்லிவிட்டார். மாத்தளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று, அத்தனை பேருக்கும் முன்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்கட நஸ்ரினாட மூக்கு மாதிரி மூக்கு இந்த ஊர்லயே இல்ல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்தார்கள்.

தோடம்பழமும் கறுவா இலையும் கலப்பதாக ஏற்பாடு. புது வீட்டுக்கு ஏற்ற இனிய மணம். தைலக்காரர் இரண்டு போத்தல் அனுப்பியிருந்தார். ஒன்று கறுவா இலைத் தைலம், மற்றது கறுவா வேர்த் தைலம். வேர்த் தைலம் சளிக்குப் பூசு தைலம் செய்ய நான் கேட்டிருந்தது. வழியில் மூடி கசிந்து, ஒட்டியிருந்த காகிதத்தில் எழுத்தெல்லாம் ஊறிக் கரைந்துவிட்டது. இரண்டும் ஒரே மஞ்சள். எது இலை, எது வேர்?

மூக்குள்ள ஒரு குழந்தையைக் கூப்பிட்டாலும் சொல்லிவிடும். கறுவா இலை கராம்பைப்போல மணக்கும். கறுவா வேர் அப்படியே கற்பூரம். செல்வி அடுத்த அறையில் இருந்தாள். "செல்வி, அந்தச் சால்வைய அவுத்துட்டு இங்க வா" என்றால் முடிந்தது. எத்தனையோ தரம் எத்தனையோ பேரிடம் செய்த வித்தைதானே! ஆனால் மதினியின் அந்தப் பேச்சு என் காதில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரிலேயே இல்லாத மூக்கு, ரிப்பன் கட்டுகிறவளிடம் போய்க் கேட்பதா? போத்தல்களைச் சாய்த்து, கொஞ்சம் தடிப்பாக நகர்ந்ததைப் பார்த்து, இதுதான் இலை என்று நானே முடிவுகட்டினேன். அன்று யார் முகத்தையும் பார்க்கவில்லை. கலந்து, ஊற்றி, மூடிவிட்டேன்.

கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கம். பிறையும் பூவும் போட்ட தங்க நிறப் பெட்டிகள் மேசை மேசையாக அழகாக இருந்தன... இப்போது நினைத்தாலும் அழகுதான். ஒருத்தி திறந்தாள். அவள் தலை ஓர் அங்குலம் பின்னால் போனது. அடுத்தவள் திறந்தாள். பேச்சு ஒவ்வொரு மேசையாக நின்றது. மாப்பிள்ளையின் உம்மா தன் போத்தலைத் திறந்து முகர்ந்தார். அவர் கணவர் மௌத்தாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போத்தலை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எங்கள் வீடுகளில் கற்பூரம் எப்போது மணக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் மணக்கும்.

மதினி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். "இது என்ன நஸ்ரினா, மையித்து வாசம் வருது! சூடம் எப்பிடி இதுக்குள்ள வந்த?"

எது வேர், எது இலை என்று அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன்... அதற்குள் பின்னால் நின்ற ஒரு மாமி முந்திக்கொண்டார். "அந்தத் தோட்டத்துப் பொண்ணு போட்டீக்கும். அவங்களுக்கு அது கோயில் வாசம் தானே, நல்லதுக்குண்டு போட்டீக்கும்."

எவ்வளவு பொருத்தமான பொய்! யாரும் கெட்டவராகாத பொய். செல்விக்கும் கெட்ட எண்ணம் இல்லை, எனக்கும் பிழை இல்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் போத்தலை மூக்கருகே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கி முகர்ந்தேன். வெறும் காற்று.

"ஈக்கும்" என்றேன்.

ஒரு சொல்தான். இருக்கலாம் என்றுதானே சொன்னேன், அவள்தான் என்று சொல்லவில்லையே என்று எத்தனையோ தரம் எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடிப் பார்த்துவிட்டேன். வெல்லவில்லை!

மறுநாள் மதினி என் வீட்டு வாசலிலேயே செல்வியைப் பிடித்துக்கொண்டார். செல்வி லேசுப்பட்டவள் இல்லை, சத்தம் போட்டாள். "நான் சூடத்தக் கையால தொடலைங்க! எதுக்குங்க நான் போடணும்?" பிறகு மேசையில் மிஞ்சிக் கிடந்த ஒரு போத்தலை எடுத்துத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது சூடமா, இல்ல ஒங்க தைலமேதானான்னு நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்கக்கா. ஒங்க மூக்கு சொன்னா நான் ஏத்துக்கிறேன்."

அவள் கண்ணில் பயமே இல்லை. நான் காப்பாற்றிவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கை. நான் முகர்ந்தேன். உள்ளே இழுத்த மூச்சு எனக்கே கேட்டது.

"சூடம்தான் செல்வி" என்றேன். மெதுவாக, வருத்தத்தோடு... நல்லவளைப்போல!

அவள் போத்தலை மூடி வைத்தாள். சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பிறகு எங்கள் தெருவில் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. குண்டசாலையில் ஒரு பேக்கரியில் பணிஸ் அடுக்கும் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

என் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாறாக, "நஸ்ரினா மோந்த உடனே கண்டுபிடிச்சீக்கி" என்று அதிலும் எனக்கே புகழ்! இப்போதும் கலக்கிறேன். நன்றாகத்தான் கலக்கிறேன், உங்கள் வீட்டில் இருப்பதே சாட்சி. இப்போது ஒவ்வொரு தைலத்தையும் இரண்டு முகங்களில் பார்க்காமல் தொடுவதில்லை. அந்தக் கவனத்தில்கூட எனக்கொரு கர்வம் இருக்கிறது, பார்த்தீர்களா? திருந்தாத பிறவி!

அண்மையில் பிலிமத்தலாவை பஸ் நிறுத்தத்தில் செல்வியைக் கண்டேன். திரும்பி வேறு பக்கம் போகப் பார்த்தேன். அவளே ஓடி வந்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன்... அவள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நான் ரொம்ப நாளா யோசிச்சேங்கக்கா. அப்பெல்லாம் காலையில சாமிக்குச் சூடம் கொளுத்திட்டு அப்பிடியே ஒங்க வீட்டுக்கு ஓடியாருவேன். கைய ஒழுங்காக் கழுவாம வந்திருப்பேன் போல. நான்தான் தெரியாம வாயாடிட்டேன். ஒங்க மூக்கு பொய் சொல்லுமா?"

பேச என்ன இருக்கிறது... எல்லாம் இருக்கிறது! 'செல்வி, எனக்கு மூக்கே இல்லையடி' என்று ஒரு வரி போதும். அந்த வரி தொண்டைவரை வந்தது. அதற்குப் பின்னால் மதினி, மாப்பிள்ளையின் உம்மா, உங்கள் கட்டில் தலைமாட்டுப் போத்தல், மூக்குக்காரி என்ற என் பேர், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. விழுங்கிவிட்டேன்.

"இப்பெல்லாம் வேலைக்குப் போற நாள்ல சூடமே கொளுத்துறதில்லக்கா. பணிஸ்ல ஒட்டிக்கிட்டா அந்த வேலையும் போயிருமே. சாமிக்கு வெறும் வெளக்குதான். சாமி கோச்சுக்காது." சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க. இப்ப ஏதாச்சும் மணக்குதா?"

அந்தக் கைகளைப் பிடித்தேன். சூடாக இருந்தன. நகக்கண்ணில் நேற்றைய மாவு ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோய், என்னால் முடிந்தமட்டும் ஆழமாக மூச்சை இழுத்தேன்.

"இல்ல செல்வி. ஒண்டும் மணக்கல்ல."

அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மை. அதையும் ஒரு பொய்யாகத்தான் கொடுத்தேன்.

இதை ஏன் அவளிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் என்னைப் போத்தலால் மட்டும் அறிந்தவர்கள். போய் அவளிடம் சொல் என்று என் கையைப் பிடித்து இழுக்க மாட்டீர்கள். கோழைக்கு இதைவிட வசதியான இடம் ஏது...

குண்டசாலை பஸ் வந்தது. செல்வி ஏறி, சன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பஸ் நகரும்போது தன் கைகளைத் தானே ஒருதரம் மோந்து பார்த்துக்கொண்டாள். பிறகு நிம்மதியாக என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.