மூக்கன் வெட்டிய பச்சை ஒயர்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். தங்கச்சிக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று அக்கா எப்போதும் என்னைச் சொல்வாள். அவள் போன பிறகு அது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

அத்தான் ஏரிப் படகுக் குழாமில் மெக்கானிக். வசதியானவர்கள் லீவு நாளில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும் படகுகள் அங்கே வரிசையாகக் கட்டிக் கிடக்கும். சிலவற்றில் கட்டில், அடுப்பு, சுடுதண்ணீர் ஹீட்டர் எல்லாம் உண்டு. அதே துறையில் படகுகளுக்குப் பெட்ரோல் போடும் பம்ப்பில் நான் வேலை பார்க்கிறேன். அத்தானுக்கு அங்கே மூக்கன் என்று பெயர். பார்த்தால் சின்ன மூக்குதான். ஆனால் எந்தப் படகில் பெட்ரோல் கசிந்தாலும் முதலில் வேர்ப்பது அந்த மூக்குக்குத்தான்.

இஞ்சின் என்று வந்துவிட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கே வாய் வராது. மூடியைத் திறக்காமல் யாரையும் சாவியைத் திருப்ப விடமாட்டார். காரில் கசிகிற பெட்ரோல் ஆவி காற்றோடு போய்விடும், படகில் அது அடியில் போய்த் தேங்கி நிற்கும், ஒரு பொறி பட்டால் ஆளும் படகும் சேர்ந்து மேலே போக வேண்டியதுதான் என்பார். மூடியைத் திற, உள்ளே இருக்கும் ஃபேனை ஓடவிடு, குனிந்து மோந்து பார், பிறகு சாவியைத் தொடு. இதைக் கேட்காதவர் ஒருவர் சிகரெட்டோடு இஞ்சினை எட்டிப் பார்த்தார். அத்தான் அவர் வாயிலிருந்தே அதைப் பிடுங்கி ஏரியில் வீசினார். “தப்பா நெனச்சுக்காதீங்க சார். உயிர் போறதுக்குள்ள சிகரெட் போகட்டுமேன்னுதான்” என்றார். அந்த மனிதர் அதற்குப் பிறகு அத்தானைத் தவிர வேறு யாரையும் தன் படகில் கைவைக்க விட்டதில்லை.

அக்காவுக்கு வேலை தண்ணீருக்குள். படகின் அடிப்பாகத்தில் பாசியும் அழுக்கும் படியும். அதோடு ஓட்டினால் இஞ்சின் திணறும், குளிர்விக்கிற தண்ணீர் உள்ளே போகிற துவாரம் அடைத்துக்கொள்ளும். அக்கா பிரஷ்ஷும் சுரண்டியுமாக இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்துவிட்டு வருவாள். “அவரு மேல பாத்துக்குவாரு, நான் கீழ பாத்துக்குவேன். கல்யாணத்தன்னைக்கே பங்கு பிரிச்சாச்சு” என்பாள். அவர்கள் மகள் நடக்கிறதுக்கு முன்னால் நீந்தினாள் என்று துறையில் கிண்டல் செய்வார்கள். பெரியவளான பிறகு நீச்சல் போட்டிகளில் அவளோடு போட்டி போட்டு ஜெயித்தவர்கள் குறைவு. நீச்சல் பயிற்சியாளராக வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு பேச்சே கிடையாது.

இனி அந்தக் கட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படகின் அடியில், புரொப்பல்லருக்குப் பக்கத்தில் ஓர் உலோகக் கட்டி பொருத்துவார்கள். தண்ணீர் புரொப்பல்லரை அரிக்காமல் இந்தக் கட்டியை அரிக்கும். கட்டி தேய்ந்தால் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். படகு துறையில் நிற்கும்போது கரையில் இருக்கும் கரண்ட் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்துச் செருகிவைப்பார்கள். அந்தக் கேபிளில் இருக்கும் பச்சை ஒயர்தான் எர்த். அது வழியாக எல்லாப் படகுகளின் இரும்பும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கிறது. பக்கத்துப் படகுக்காரன் கட்டியே போடாமல் விட்டிருந்தால், அவனுக்கும் சேர்த்து நம் கட்டி கரையும். படகுக்காரர்களுக்கு இது பொறுக்குமா? வாங்கி மாட்டிய கட்டி அதற்குள் எங்கே போயிற்று என்று ஓயாமல் புலம்பினார்கள்.

அத்தான் அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். கேபிள் பிளக்கைத் திறந்து பச்சை ஒயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி உள்ளே மடக்கிவிட்டார். கட்டிகள் கரைவது நின்றது. விஷயம் பரவி, ஒவ்வொருவராக வந்து “நம்ம படகுக்கும் அதப் பண்ணிருங்க” என்று நின்றார்கள். எல்லாவற்றுக்கும் பண்ணினார். துறையில் அவருக்கு அப்படி ஒரு மரியாதை.

“வீட்ல இஸ்திரிப் பெட்டிக்கு எர்த் இல்லன்னு குதிச்சீங்களே அத்தான். இங்க நீங்களே வெட்டுறீங்க?” என்று கேட்டேன்.

“வீடு தரையில நிக்குது, அதுக்கு எர்த் நாமதான் குடுக்கணும். படகு தண்ணியிலேயே நிக்குது. இத விடப் பெரிய எர்த்து எங்க இருக்கு?”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரோடு பழகியவன்தான் இப்படி ஏமாறுவான். படகுக்குள் ஏதாவது ஒன்று பழுதாகிக் கரண்ட் கசிந்தால், அது பச்சை ஒயர் வழியாகப் பெட்டிக்கு ஓடி, பிரேக்கர் அந்த நிமிஷமே விழுந்து கரண்ட்டை நிறுத்த வேண்டும். ஒயர் இல்லாவிட்டால் அது இஞ்சினுக்கும், அங்கிருந்து புரொப்பல்லருக்கும் போய், தண்ணீரில் இறங்கிவிடும். தண்ணீர் வழியாகப் போகிற கரண்ட் பிரேக்கருக்குப் போதாது. அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். ஆனால் ஒரு மனுஷியின் கைகாலைக் கட்டிப்போட அது போதும்.

அக்கா சொல்லாமல் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது, “அந்த நீலப் படகுப் பக்கம் போனா கையெல்லாம் சுருசுருங்குது” என்றாள்.

“ஜில்லுத் தண்ணி. வயசாகுதுல்ல” என்றார் அத்தான்.

“யாருக்கு? மொதல்ல கண்ணாடியில உங்க தலையப் பாருங்க” என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவ எழுந்துபோனாள். எல்லாரும் சிரித்தோம். பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு ஒரு மதியம் அந்த நீலப் படகுக்காரர் குடும்பத்தோடு வந்து ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்துப் படகைத் தேய்க்க இறங்கியிருந்தாள். நான் பம்ப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை, கையைக் காலை உதைக்கவில்லை. நீந்திக்கொண்டிருந்தவள் அப்படியே விறைத்தாள், பிறகு முகம் கவிழ்ந்தது. ஏதோ விளையாடுகிறாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதற்குப் பிறகு ஓடினேன்.

குதிக்கப் போன என்னை அத்தான் பிடித்து ஓரமாகத் தள்ளினார். தண்ணீர் பக்கம் அவர் போகவில்லை. கரண்ட் பெட்டியிடம் ஓடினார். முதலில் நீலப் படகின் பிளக்கைப் பிடுங்கினார், பிறகு வரிசையாக மற்றதையும் பிடுங்கினார். அதற்குப் பிறகுதான் குதித்தார். அக்காவை மேலே கொண்டுவந்தபோது அவள் விரல்கள் பிரஷ்ஷை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தன. அவள் உடம்பில் உயிர் இல்லை.

அன்று நான் குதித்திருந்தால் நானும் போயிருப்பேன். என்னைக் காப்பாற்றியவர் அவர்தான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. பெண்டாட்டி தண்ணீரில் மிதக்கும்போது ஒருவர் பிளக்கைத் தேடி ஓடுகிறார் என்றால் என்ன அர்த்தம்? அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உடம்பில் காயம் இல்லை, தீய்ந்த அடையாளம் இல்லை என்றார்கள். அப்படி எதுவும் இருக்காதாம், தண்ணீரில் பாய்கிற கரண்ட் தடயம் வைக்காது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த டாக்டர் சின்ன வயதுக்காரர், பாவம், அவருக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்? “தண்ணிக்குள்ளயே ஹார்ட் நின்னுருக்கு. இதுக்கு முன்னாடி நெஞ்சு வலின்னு ஏதாவது சொல்லியிருக்காங்களா?” என்று கேட்டார்.

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, “மூச்சு வாங்குதுன்னு சொல்லுவா” என்றார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு படகின் அடியைச் சுரண்டுகிறவளுக்கு மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்தது. குழாம்காரர்களுக்கு நிம்மதி. பெரிய மாலையாக வாங்கி வந்தார்கள்.

அடுத்த சில நாட்களில் அத்தான் ஒவ்வொரு படகாக ஏறி, பிளக்கைத் திறந்து, பச்சை ஒயரைச் சேர்த்தார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. நீலப் படகின் ஒயரைச் சேர்த்துச் செருகியதுமே பெட்டியில் பிரேக்கர் படாரென்று விழுந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்க் கரண்ட் கசிந்த அந்த ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, சுத்தியலால் அடி அடியென்று அடித்து நொறுக்கினார். பம்ப்பில் நின்றுகொண்டு நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

இதோடு போயிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ. அக்கா போய்விட்டாள், இவரைக் கூண்டில் ஏற்றினால் அவள் வரப்போவதில்லை. ஆனால் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாளே. அம்மாவுக்கு இதயம் திடீரென்று நின்றுவிட்டது என்றால் மகளுக்கும் வரலாம் என்று எவரோ சொல்லிவிட்டார்கள். பயிற்சியாளர் படிப்புக்குப் போன இடத்தில் குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள், அதாவது உள்ளது என்று அவள் நம்பியதை. இதய டாக்டர் சரி என்று சொன்னால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண் மிரண்டுபோய்விட்டாள். ஏரிப் பக்கமே வருவதில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓட மாட்டாள். எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு விரலால் மணிக்கட்டைப் பிடித்துத் துடிப்பு பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் அத்தானைப் பட்டறையிலேயே பிடித்துக்கொண்டேன்.

“அவகிட்ட சொல்லுங்க.”

“எதச் சொல்றது?” என்றார், இஞ்சினிலிருந்து தலையைத் தூக்காமல்.

“எங்கிட்டயே பூசி மெழுகாதீங்க. மொதல்ல பிளக்கத்தான பிடுங்குனீங்க.”

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். எழுந்துபோய்ப் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சொன்னா அவங்கம்மாவக் கொன்னது நான்னு ஆயிரும்.”

“சொல்லாட்டா?”

“சொல்லாட்டா எனக்கு மட்டுந்தான தெரியும்.”

“எனக்கும் தெரியும். அந்தப் புள்ள நடைப்பொணமா இருக்கா அத்தான். அது உங்களுக்குத் தெரியுதா?”

“டாக்டர் பாக்கட்டும். ஒண்ணுமில்லன்னு அவரே சொல்லிருவாரு. அதுக்கப்புறம் தானா சரியாயிரும்” என்றார். அதுதான் அவர் திட்டம். யாரோ ஒரு டாக்டர் வந்து இவரை இவரிடமிருந்தே காப்பாற்ற வேண்டும்.

மூன்று பேருமாகத்தான் போனோம். மாடியில் கிளினிக். பெண்ணைப் படுக்கவைத்து மார்பிலும் கையிலும் ஒயர் ஒட்டினார்கள். மெஷின் காகிதத்தைத் துப்பியது. டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்போதைக்கு எதுவும் தெரியல. ஆனா உங்கம்மா கதைய வெச்சுப் பாத்தா என்னால தைரியமா கையெழுத்துப் போட முடியாது. சில பேருக்கு டெஸ்ட்ல தெரியாமலே இருக்கும். வருஷா வருஷம் வந்து காட்டுங்க. நீச்சல் வேண்டாம்மா.”

பெண் தலையாட்டினாள். அழவில்லை. அதற்கும் பழகிவிட்டாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. “டாக்டர், இவங்கம்மா ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. படகுலேருந்து தண்ணியில கரண்ட் பாஞ்சு போனா அவ. எர்த் ஒயர வெட்டி வெச்சிருந்தாங்க. என் கண்ணால நான் பாத்தேன்” என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். பெண் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

“அப்பா? சித்தி என்ன சொல்றாங்க?”

ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்று சொன்னால் போதும். அந்த டாக்டர் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அத்தான் மகளின் முகத்தைப் பார்த்தார். அதில் இவர்மேல் இருந்த நம்பிக்கையைப் பார்த்திருக்க வேண்டும். அதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

“சித்திக்கு அக்கா போன துக்கம்மா. அன்னையிலேருந்து இப்படித்தான் எதையாவது பேசிட்டிருக்கா” என்றார். பிறகு டாக்டரைப் பார்த்து, “கரண்ட் வேலையெல்லாம் நாந்தான் சார் பாக்கறேன். அப்படி எதுவும் இல்ல” என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“சித்தி, ப்ளீஸ். அப்பாவ இன்னும் கஷ்டப்படுத்தாதீங்க” என்றாள் பெண், என் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தபடி. பைத்தியத்தைச் சமாதானப்படுத்துவதுபோல அப்படி ஒரு கனிவு.

வெளியே வந்தோம். இறங்குவதற்குப் படிக்கட்டு. ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திவிட்டுத் திரும்பி வந்து சோறு கேட்ட பெண், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நடுவில் நின்று மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அத்தான் அவள் முழங்கையைத் தாங்கியபடி கூடவே இறங்கினார்.

“மெதுவா கண்ணு. ஒண்ணும் அவசரமில்ல” என்றார்.