தனிக் கோப்பை

பாரிசின் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் ஆட்கள் நடத்தும் தேத்தண்ணிக் கடையொன்றில் எனக்கென்று ஒரு பீங்கான் கோப்பை இருக்கிறது. மற்ற எல்லோரும் கடதாசிக் கோப்பையில் குடிப்பார்கள். நான் உள்ளே வந்ததும் கடைக்காரர் பின்பக்கம் திரும்பி, "மாஸ்டர் வந்திட்டார், அவரின்ரை தனிக் கோப்பையை எடு!" என்று சத்தம் போடுவார். ஒருநாள் வரிசையில் நின்ற ஒருவர், "மாஸ்டர் எங்களோட சேர்ந்து குடிச்சாத் தீட்டுப் பட்டிடுமோ?" என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடதாசிக் கோப்பை உதட்டில் படுவதை என்னால் தாங்க முடியாமல் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஏனென்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் சரித்திரம் படிப்பித்தவன். பாரிசுக்கு வந்தபின் ஓய்வு பெறும்வரை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். இந்த நாட்டில் முதலில் என்னைத் திகைக்க வைத்தது அந்தக் கோப்பைகள்தான். தெருக் கூட்டுகிறவரும் வழக்கறிஞரும் ஒரே மேசையோரம் நின்று, ஒரே மாதிரிச் சின்னக் கோப்பையில் கோப்பி குடித்துவிட்டுப் போவார்கள். எல்லாம் ஒரே கழுவும் இயந்திரத்துக்குள் போகும். எது யாருடையது என்று பிறகு எவருக்கும் தெரியாது. இதைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன், நல்ல நாடு என்று ஊருக்குக் கடிதமும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் புறநகர் செவ்ரானிலுள்ள என் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்தவன் சுதன். லா சப்பலில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. என் மகள் வசந்தி இங்கே பிறந்து, இங்கே படித்து, அலுவலகமொன்றில் வேலை செய்கிறவள். அவனைத்தான் கட்டப்போவதாகச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஊர் எது என்று கேட்டேன். கிளிநொச்சி என்றான். அதற்கு முன்னம் தாய்தகப்பன் எவடம் என்றேன். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் பெயரைச் சொன்னான். "அங்கை எந்தக் கோயிலடி?" என்றேன். நாங்கள் எப்படிக் கேட்போம் என்பது வாசிக்கிற உங்களுக்குத் தெரியும்.

அவன் சிரித்தான். "ஐயா, ஏன் சுத்தி வாறியள்? நேராய்க் கேளுங்கோ, நானே சொல்லுறன்" என்றான். சொன்னான்.

நான் எழுந்து குசினிக்குப் போனேன். ஏதோ கொண்டாட்டத்தில் மிஞ்சிய கடதாசிக் கோப்பைகள் அலுமாரியில் இருந்தன. "அவனுக்கு அதிலை குடு" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஊற்றினாள். எங்கள் மூவருக்கும் பீங்கான், அவனுக்குக் கடதாசி. பிரான்சில் பிறந்த பிள்ளைக்கு இது விளங்காது என்று நினைத்தேன். வசந்தி கோப்பைகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சுதன் கடைசித் துளிவரை குடித்தான். "தேத்தண்ணி நல்லாயிருக்கு, அம்மா" என்றான். கோப்பையைக் கசக்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். "நானே கொண்டுபோறன், ஐயா. உங்களுக்கேன் கரைச்சல்." வசந்தி அவனோடு இறங்கிப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் கடதாசிக் கோப்பை என் வாய்க்கு ஒத்துவராமல் போனது. நகரசபையில் நடந்த பதிவுத் திருமணத்துக்கு நான் போகவில்லை. அவர்கள் வில்லியே லே பெல்லில் குடியிருந்தார்கள், ஒரு பெண்குழந்தையும் பிறந்தது. மனைவி வாரந்தோறும் போய்வந்தாள். நான் போகவில்லை.

பிறகொரு வருடம், தம்பியின் மகனுடைய கலியாணத்துக்காக நியூயோர்க் போனேன். உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கிடையில் ஒரு பலகையைத் தம்பியின் மகன் காட்டினான். இந்த இடத்தில் மனிதரை விற்றார்கள் என்று அதில் எழுதியிருந்தது. இன்னோரிடத்தில், கட்டடம் கட்டக் கிண்டியபோது அவர்களுடைய எலும்புகள் வெளிப்பட்டனவாம். அடிமைகள் அமெரிக்காவின் தெற்கில், பருத்தித் தோட்டங்களில் இருந்தார்கள், வடக்கு அவர்களை விடுவித்தது என்றுதான் நான் வருடக்கணக்காகப் படிப்பித்தேன். அந்த வடக்கும் விற்றிருக்கிறது, வாங்கியிருக்கிறது, பிறகு அதற்கு மேலே கட்டடம் எழுப்பிவிட்டு மறந்திருக்கிறது. சுற்றுலாக்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த கறுப்பினப் பெண்மணி என்னிடம் திரும்பி, எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். அங்கேயும் இப்படி இருந்ததா என்றார். "இல்லை, ஒருபோதும் இல்லை" என்றேன். கொடுத்துவைத்த மக்கள் என்றார். நான் தலையைக் குனிந்தேன். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு என் கையை மெதுவாகத் தொட்டார்.

பொய் சொன்னேன். ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்த எங்கள் தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. காணியோடு சேர்த்து மனிதரையும் சீதனமாகக் கொடுத்த யாழ்ப்பாணம் அது. நான் பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தவன். ஒருநாள்கூட வகுப்பில் சொன்னதில்லை. யாரும் தடுக்கவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை, நானும் சொல்லவில்லை. அடிமைகளாக இருந்த சாதிகளின் பெயர்களை நான் இங்கே எழுதத் தேவையில்லை. சுதன் தன் வாயால் சொன்னது அவற்றில் ஒன்று.

திரும்பி வந்தபின், பேத்தியின் பிறந்தநாளுக்கு நானும் வருகிறேன் என்றேன்.

"போய் என்ன கதைக்கப் போறியள்?" என்றாள் மனைவி.

"தெரியேல்லை."

ஆர்.இ.ஆர். ரயிலில் வசனங்களைக் கோத்துக்கொண்டே போனேன். வீடு நிறையச் சனம். எல்லோர் கையிலும் பூப்போட்ட கடதாசிக் கோப்பை. அதைக் கண்டதும் எனக்குள் ஏதோ இளகியது. இன்றைக்கு நான் அதில்தான் குடிப்பேன், வாய்க்குள் போகாவிட்டாலும் குடிப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். சுதன் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் கையில் தட்டோடு ஒரு பீங்கான் கோப்பை.

"உங்களுக்குக் கடதாசிக் கோப்பை ஒத்துவராதெண்டு லா சப்பல் தேத்தண்ணிக் கடையிலை ஆக்கள் சொன்னவை, மாமா."

அவன் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கேக் வெட்டும் கத்தியோடு வசந்தி அசையாமல் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அண்டைக்கு நான்..."

"தேத்தண்ணி ஆறுது, மாமா. குடியுங்கோ."

குடித்தேன். அந்த அறையில் எனக்கு மட்டும் தனிக் கோப்பை.

புறப்படும்போது குசினிப் பக்கம் பார்த்தேன். கடதாசிக் கோப்பைகள் குப்பைப் பைக்குள் கிடந்தன. என் கோப்பையை யாரோ கழுவி யன்னலோரத்தில் கவிழ்த்திருந்தார்கள். ஊரில் எங்கள் வீட்டிலும் வேலைக்கு வருகிறவர்கள் குடிக்கிற தகரப் பேணியைக் கழுவித்தான் வைப்போம். வெளியே, தாழ்வாரக் கூரையோரத்தில் செருகிவைப்போம், உள்ளே எடுப்பதில்லை. வசந்தி அந்தக் கோப்பையைப் பிறகு அலுமாரிக்குள் மற்றக் கோப்பைகளோடு எடுத்து வைத்தாளா என்று மனைவியிடம் கேட்கலாம். அவள் இப்போதும் வாரந்தோறும் போகிறாள். நான் இன்னும் கேட்கவில்லை.